வெட்டாத ஆட்டம்

நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி.
இரண்டு வருஷ ஆட்டத்தை
அதற்குள் அடக்கியிருந்தேன்.
என் தம்பி எறிந்த பந்து எதுவும்
அதில் வளையத்தைத் தவறவிடாது.
தவறியதையெல்லாம்
ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வெட்டினேன்,
சலவைக்கடையில்,
உலர்த்தும் எந்திரங்கள் உருளும் சத்தத்தில்.
அங்கேதான் வைஃபை இலவசம்.

அலபாமாவில் எங்கள் கவுன்ட்டிக்கு
பெரிய பல்கலைக்கழகத்துக்காரன் எவனும் வந்ததில்லை.
கெண்ட்ரெல் ஐந்தடி பதினோரு அங்குலம்.
கணக்கில் சி.
ஓர் அங்குலமும் ஓர் எழுத்தும் போதும்,
ஒரு பையனை வாசலுக்கு வெளியே நிறுத்த.

இரண்டு வருஷக் கல்லூரிகளாகப் பார்த்து
எண்பத்து மூன்று கோச்சுகளுக்கு அனுப்பினேன்.
கான்சஸ், அயோவா, வயோமிங்:
வரைபடத்தில் நாங்கள் விரல் வைத்திராத இடங்கள்.
எழுபத்தொன்பது பேர் வாய் திறக்கவில்லை.
மூன்று பேர் ஒரே வாக்கியத்தை எழுதினார்கள்,
ஒருவரையொருவர் பார்த்து எழுதினாற்போல.
ஒருவர் மட்டும் கூப்பிட்டார்.

கோச் ட்ரைலிங். மேற்குக் கான்சஸ்.
குரலுக்குள் காற்று அடித்தது.
வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாராம்,
கண்ணாடி முழுசாக ஏறாதாம்.
"எல்லாப் பையன்களும்
நான்கு நிமிடம் கடவுளாகத்தான் இருக்கிறார்கள்.
தோற்ற ஆட்டம் ஒன்று இருக்கிறதா?
வெட்டாமல்?"

இருந்தது.
பிப்ரவரியில், இருபத்தாறு புள்ளியில் தோற்றது.
பதினான்கு முறை எறிந்தான், மூன்று விழுந்தது.
அன்று வீட்டில் யாரும் பேசவில்லை.
அம்மா கோழி ஆலையின் ரப்பர் பூட்ஸோடு
சோபாவிலேயே தூங்கிப்போனாள்.

"அதை மட்டும் அனுப்பாதே" என்றான்.
அனுப்பினேன்.
ஒன்பது நாள் என்னோடு பேச்சில்லை.
ஃப்ரிட்ஜின் மேல் சீட்டு ஒட்டிவைத்தான்:
பால் தீர்ந்துவிட்டது.

பத்தாம் நாள் மறுபடி அந்தக் காற்று.
"மூன்றாம் கால்பகுதியில்
படம் ஏன் தரையைக் காட்டுகிறது?"

என்ன சொல்ல.
பார்க்கச் சகிக்காமல்
போனைத் தாழ்த்தியிருந்தேன்.
பத்தொன்பது புள்ளி பின்னால்,
அவன் கையிலிருந்தே பந்து பறிபோய்,
எதிரணிக்காரன் தன்னந்தனியாக
எங்கள் கூடையை நோக்கி ஓடுகிறான்.
திரையில் வெறும் கால்கள்.

"உங்கள் பக்கம் பத்துக் கால்.
எட்டு நின்றுவிட்டன.
இரண்டு திரும்பி ஓடின.
ஒன்றில் மஞ்சள் நாடா, ஒன்றில் வெள்ளை.
அது உன் தம்பிதானே?"

மஞ்சள் நாடா என்னுடையது.
நானும் ஆடியவள்தான்,
முழங்கால் கிழியும்வரை.
அவன் நாடா அறுந்த அன்று
என் பழைய ஷூவிலிருந்து உருவிக்கொடுத்தேன்.

"பிடித்தானா?" என்று கேட்டார் கோச்.
"இல்லை. அவர்களுக்கு இரண்டு புள்ளி."
"நினைத்தேன்" என்றார்.
பிறகு விலைப்பட்டியல் வாசிப்பவர்போல:
கட்டணம், புத்தகம், சாப்பாடு உண்டு.
ஊரில் ஒரே ஒரு சிக்னல்.
ஜனவரியில் எட்டு மணி நேர பஸ்.
முதல் வருஷம் பெஞ்சுதான், பொய் சொல்லமாட்டேன்.
கணக்கு வகுப்பு காலை எட்டுக்கு,
அதற்கும் ஓடவேண்டும்.

தாள் வந்தது. அம்மா ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில்
நின்றபடியே கையெழுத்திட்டாள்.
பேனா பாதியில் நின்றது,
உதறி, உள்ளங்கையில் கிறுக்கி,
மறுபடி எழுதினாள்.
கெண்ட்ரெல் தன் பேரை
ஆட்டோகிராப் மாதிரி எழுதப் பார்த்து
வெட்கப்பட்டு
பள்ளிக்கூட எழுத்திலேயே முடித்தான்.

கதவு சாத்திய பிறகு
போனை எடுத்து அந்த இடத்தைத் தேடினேன்.
இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.
தரை. கோடு. கால்கள்.
நான்கு விநாடிகூட இல்லை.

"இவ்வளவு மோசமாகவா படம் எடுப்பாய்?" என்றான்.
ஒன்பது நாளுக்கு அப்புறம் முதல் பேச்சு.
பிறகு, ஷூவை மாட்டிக்கொண்டே,
"பால் வாங்கினாயா இல்லையா?"